ஊசி போட்டது எத்தனை மணிக்கு?

மருதமுனைச் சாரத் துண்டில் தைத்த ஒரு சின்னப் பை. பைக்குள் ஒரு பிளாஸ்டிக் போத்தல். போத்தலுக்குள் மாதுளைச் சாறு நிறத்தில் இரத்தம் கலந்த நீர். அதிலிருந்து மேலேறும் மெல்லிய குழாய் உடுப்புக்குள் போய் மறைகிறது. வலது மார்பகத்தை எடுத்து ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்த என் சாச்சி மகள் ராத்தா, பார்க்க வந்த சனங்களுக்கு முன்னால் அந்தப் பையை மடியில் வைத்துக் கையால் பொத்திக்கொண்டு இருந்தார்.

வந்தவர்கள் எல்லோரும் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசினார்கள். இறால் கூடாது, கத்தரிக்காய் கூடாது, எல்லாம் கிரந்தி, புண் ஆறாது. சொல்லிக்கொண்டே அவர்கள் கொண்டுவந்து அடுக்கியவை மோல்ட் பக்கெட்டுகளும் கிரீம் பிஸ்கட்டுகளும். ராத்தாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம். இப்போது சீனி எவ்வளவு நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மேசையில் இன்னொரு பையும் இருந்தது. கெப்சூல் அட்டைகள், காலை ஒன்று இரவு ஒன்று, ஐந்து நாளைக்கு. "புண் பழுக்காம இருக்கத் தந்திருக்காங்க" என்றார் ராத்தா. அவர் ஒரு கெப்சூலையும் தவறவிடவில்லை. ஒன்பதாம் நாள் தையலின் கீழ் நுனி சிவந்தது. தொட்டால் சூடு. இரண்டு நாள் யாருக்கும் சொல்லவில்லை. காட்டவேண்டிய இடம் அப்படி. மூன்றாம் நாள் மச்சான் பாமசிக்குப் போய் அதே கெப்சூலில் இன்னும் ஐந்து நாளைக்கு வாங்கிவந்தார், வைத்தியரின் துண்டு இல்லாமலே. பன்னிரண்டாம் நாள் துணி நனைந்தது. தையலைப் பிரித்துச் சீழை வெளியேற்றி, தினமும் மருந்து கட்டி, புண் மூட ஆறு கிழமை சென்றது. அதற்குள் கீமோவுக்குக் கொடுத்திருந்த திகதி தாண்டிப்போய்விட்டது.

புண் ஆறியபிறகு ஒருநாள் கேட்டேன்: ஒபரேசனுக்கு முந்தி அன்டிபயோடிக் ஊசி ஏதும் போட்டார்களா?

"போட்டாங்களே. காலையில வோட்டுல. சாயம் கொண்டுவாற நேரம்."

தியேட்டருக்கு எப்போது எடுத்தார்கள்?

"லுஹர் பாங்கு சொல்லக்குள்ள."

அது எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். கல்முனையில் உள்ள எதுவுமல்ல. காலைச் சாயத்துக்கும் லுஹர் பாங்குக்கும் இடையில் போன அந்த ஐந்து மணித்தியாலத்தால்தான் ராத்தாவின் புண் பழுத்தது என்றும் சொல்லமாட்டேன். ஒரே ஒரு புண்ணை வைத்து அப்படித் தீர்ப்புச் சொல்ல எந்த வைத்தியராலும் முடியாது. ஆனால் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கவேண்டிய பாதுகாப்பு அந்த இடைவெளியில் கரைந்துபோனது என்பதை நிச்சயமாகச் சொல்லலாம். அதைச் சொல்லும் ஆய்வுகளுக்கு அறுபது வயது ஆகிவிட்டது.

1961இல் ஜோன் பேர்க் என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் கினிப் பன்றிகளின் தோலில் ஸ்டெஃபிலோகொக்கஸ் கிருமியை ஏற்றிப் பார்த்தார். கிருமிக்கு முன்னரே அன்டிபயோடிக் உடலில் இருந்தால் புண் பெருக்கவில்லை. கிருமி ஏறி ஒரு மணித்தியாலம் கழித்துக் கொடுத்தால் பலன் குறைந்தது. மூன்று மணித்தியாலம் தாண்டினால், கொடுத்ததும் கொடுக்காததும் ஒன்றுதான். விலங்கில் கண்டதை மனிதரில் தெளிவாகக் காட்ட இன்னும் முப்பது வருடம் பிடித்தது. 1992இல் அமெரிக்காவின் சோல்ட் லேக் சிட்டியில், டேவிட் கிளாசன் குழுவினர் 2,847 நோயாளர்களின் பதிவுகளை எடுத்து, ஊசி போட்ட நேரத்தையும் புண் பழுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கத்தி வைப்பதற்கு முந்திய இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊசி போட்டவர்களில் 0.6 சதவீதத்தினருக்கே புண் தொற்றியது. அதற்கும் வெகு முன்னால், அதாவது இரண்டு முதல் இருபத்துநாலு மணித்தியாலம் முந்திப் போட்டவர்களில் 3.8 சதவீதம். கத்தி வைத்து மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு போட்டவர்களில் 3.3 சதவீதம்.

இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். நேரத்துக்கு முந்திப் போட்டவர்களும் நேரம் பிந்திப் போட்டவர்களும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கிறார்கள். மருந்து ஒன்றுதான், செலவும் ஒன்றுதான். மாறியது மணிக்கூடு மட்டும். காரணம் எளிது. இந்த ஊசிகள் உடம்பில் நெடுநேரம் தங்குவதில்லை. நம் நாட்டில் அதிகம் பாவிக்கப்படும் செஃப்யூரொக்சிம் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் இரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். செஃபசோலின் கொஞ்சம் கூடத் தாக்குப்பிடிக்கும், இரண்டு மணித்தியாலமளவில். தோலைக் கீறும்போது வெளியிலிருந்தும், தோலின் ஆழத்திலிருந்தும் கிருமிகள் உள்ளே விழும். அந்தக் கணத்தில் மருந்து சதைக்குள் காத்திருக்கவேண்டும். காலையில் வோட்டில் போட்ட ஊசியில் பெரும்பகுதி, லுஹருக்கு மூத்திரத்தோடு போய்விட்டிருக்கும்.

ஆகவேதான் உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டியில், வெட்டுக்கு முந்திய 120 நிமிடத்துக்குள் கொடுக்கும்படி சொன்னது. மருந்தின் ஆயுளைப் பார்த்து அதற்குள்ளும் நேரத்தைக் குறுக்கவேண்டும். செஃப்யூரொக்சிம், செஃபசோலின் போன்றவற்றுக்குக் கடைசி ஒரு மணித்தியாலம். அந்த நிறுவனத்தின் சத்திரசிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில் கத்தியைக் கையில் எடுக்குமுன் உரத்துக் கேட்கவேண்டிய கேள்விகளில் ஒன்று இது: கடந்த அறுபது நிமிடத்துக்குள் அன்டிபயோடிக் கொடுத்தாயிற்றா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். மார்பகத்தில் நடப்பது குடலை வெட்டுவது போன்ற ஒபரேசன் அல்ல. மருத்துவ வகைப்படி அது 'சுத்தமான' அறுவை. அதற்கு அன்டிபயோடிக் எதற்கு? சத்திரசிகிச்சை நிபுணர்களுக்குள்ளேயே இதில் ஒரு மனம் கிடையாது. இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம், செயற்கைப் பொருள் எதுவும் பதிக்காத சுத்தமான அறுவைக்கு வழக்கமாக அன்டிபயோடிக் கொடுக்காதே என்கிறது. பக்கத்து ஸ்கொட்லாந்தின் சைன் 2008 வழிகாட்டியோ, மார்பகப் புற்றுநோய் அறுவையில் கொடுப்பதைக் கவனத்தில் எடு என்றது. ஒரே தீவில் இரண்டு ஆலோசனை. நமக்கு இது புதிதல்ல.

ஆனால் ஏட்டில் சுத்தமானது உடம்பில் அவ்வளவு சுத்தமாக நடந்துகொள்வதில்லை. பெரும்பாலான சுத்தமான அறுவைகளில் இரண்டு மூன்று சதவீதத்துக்கு மேல் தொற்று வரக்கூடாது. மார்பகப் புற்றுநோய் அறுவையில் மூன்று முதல் பதினைந்து சதவீதம் வரை ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. மார்பகத்தை எடுத்ததும் தோல் அகலமான மடலாக, கீழே சதை இல்லாமல், இரத்த ஓட்டம் குறைந்து நிற்கிறது. உள்ளே வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் நிணநீர் ஊறும். அதை வடிக்கத்தான் ராத்தாவின் போத்தல். குழாயை எடுத்தபிறகும் நீர் கட்டினால் ஊசியால் குத்தி உறிஞ்சவேண்டும். ஒவ்வொரு குத்தும் கிருமிக்கு ஒரு வாசல். பக்கத்தில் வேர்க்கும் கமுக்கட்டு. அங்கேயிருந்து நிணநீர்க் கட்டிகளையும் அகற்றியிருப்பார்கள்.

1990இல் ரிச்சர்ட் பிளாட் குழுவினர் குடலிறக்க, மார்பக அறுவைகள் செய்துகொண்ட 1,218 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு அறுவைக்கு அரை மணித்தியாலம் முன்னர் ஒரே ஒரு ஊசி போட்டார்கள். மற்றவர்களுக்கு வெறும் ஊசி. யாருக்கு எது என்று நோயாளருக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. ஊசி கிடைத்தவர்களில் தொற்று 48 சதவீதம் குறைந்திருந்தது. பிறகு கொக்ரேன் அமைப்பு மார்பகப் புற்றுநோய் அறுவையை மட்டும் தனியாக எடுத்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. 2019இல் அது புதுப்பித்த அறிக்கையில் 11 பரிசோதனைகள், 2,867 பெண்கள். முன்கூட்டிய அன்டிபயோடிக் தொற்றை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்பது முடிவு. நூறு பெண்களில் பத்துப் பேருக்குப் புண் பழுக்கும் ஒரு வோட்டில், அது ஏழாகும்.

மூன்று பேர்தானே என்று யாரும் சொல்லலாம். அந்த மூன்று பேரில் ஒருவர் ராத்தாவாக இருந்தால் கணக்கு வேறு. புண் திறந்து கிடக்கும்போது கீமோ கொடுக்கமாட்டார்கள். கீமோ வெள்ளை அணுக்களை இறக்கிவிடும், திறந்த புண் அதற்குள் ஆபத்தாகும். கலிபோர்னியாப் புற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்து 24,843 பெண்களை எடுத்து ஆராய்ந்து 2016இல் ஜாமா ஒன்கோலஜி சஞ்சிகையில் வந்த கட்டுரை, அறுவைக்குப் பிறகு கீமோ தொடங்க 91 நாளோ அதற்கு மேலோ பிந்தினால் மரண அபாயம் 34 சதவீதம் கூடுவதாகக் கண்டது. ஆறு கிழமைப் புண் தன்னளவில் 91 நாள் அல்ல. ஆனால் நம் பக்கத்தில் புண்ணுக்கு மேல் வேறு தாமதங்களும் ஏறும். ஸ்கேனுக்குத் திகதி, பயொப்சி முடிவு, மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு இரவு பஸ், கூட்டிப்போக ஆள். புண்ணின் ஆறு கிழமை அவற்றோடு போய்ச் சேரும்போதுதான் பயம்.

என் தீர்ப்பு இது. முழு மார்பகத்தையும் கமுக்கட்டுக் கட்டிகளையும் அகற்றுவது இங்கு இன்னும் பரவலாக நடக்கிறது; பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் சீனி வருத்தம் உள்ள நாடு இது; வெக்கையும் வேர்வையும் வேறு. இந்த நிலையில் புற்றுநோய்க்காக அறுவை செய்யும் பெண்ணுக்கு அந்த ஒரு ஊசி வேண்டும். இருபது வயதுப் பிள்ளையின் சாதாரணக் கட்டியை எடுக்க அது வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களை வைத்தியர் பார்த்துக்கொள்ளட்டும்.

ஊசிக்கு ஆம் என்று சொல்லும் அதே வாயால் அந்த ஐந்து நாள் கெப்சூலுக்கு இல்லை என்று சொல்லவேண்டியிருக்கிறது. இது நம் ஊரில் விலைபோகாத பேச்சு. பின்னேரம் செனலிங் சென்டரில் ஒன்றரை மணித்தியாலம் குந்தியிருந்து, கடைசியில் மருந்து எழுதாமல் அனுப்பினால் அந்த டொக்டரிடம் மறுபடி யார் போவார்? டொக்டர்மாருக்கும் இது தெரியும். புண் பழுத்தால் 'ஒன்றும் எழுதவில்லை' என்ற பழி வரும். எழுதிவிட்டால் பழி இல்லை. பயத்தாலும் பழக்கத்தாலும் எழுதப்படும் அந்த அட்டைகளால் புண்ணுக்குப் பலன் இல்லை. அறுவை முடிந்தபிறகு தடுப்பு அன்டிபயோடிக்கை நீட்டாதே என்று உலக சுகாதார நிறுவனம் அதே 2016 வழிகாட்டியில் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. குழாய் உள்ளே இருக்கிறது என்பதற்காகவும் நீட்டாதே என்கிறது. 2019இல் ஜாமா சேர்ஜரியில் அமெரிக்க முன்னாள் படையினர் வைத்தியசாலைகளின் 79,058 அறுவைகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. அவை இருதயம், மூட்டு, குடல், இரத்தக்குழாய் அறுவைகள். மார்பகம் அதில் இல்லை. ஆனாலும் பாடம் பொருந்தும். ஒரு நாளுக்கு மேல் அன்டிபயோடிக்கை நீட்டியதால் புண் தொற்று குறையவில்லை. கூடியவை இரண்டு: சிறுநீரகப் பாதிப்பும், சி டிஃபிசில் என்ற கடும் வயிற்றுப்போக்கும்.

மார்பகப் புற்றுநோய்ப் பெண்ணுக்கு இதில் இன்னொரு நட்டம் உண்டு. கீமோ ஏற்றி ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்களில் ஒரு காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் அல்ல; உடனே வோட்டுக்கு ஓடி, நரம்பில் அன்டிபயோடிக் ஏற்றவேண்டும். அப்போது அந்த மருந்து வேலை செய்யவேண்டும். தேவையில்லாத ஐந்து நாள் கெப்சூல், உடம்பிலுள்ள சாதுக் கிருமிகளைக் கொன்று முரட்டுக் கிருமிகளுக்கு இடம்விட்டுவிட்டுப் போகிறது. பிறகு ஒருநாள் உயிர் காக்க ஏற்றும் மருந்துக்கு அந்த முரடர்கள் அசையமாட்டார்கள். 2019ஆம் வருடத்தில் மட்டும் உலகம் முழுக்க 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக இறந்தார்கள் என்று லான்செட் சஞ்சிகையில் வந்த கணக்கு சொல்கிறது. இது எங்கோ நடக்கும் கதை அல்ல. மச்சான் துண்டில்லாமல் பாமசியில் வாங்கிவந்த அந்த அட்டையும் இந்தக் கணக்கில் சேரும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் வந்து எத்தனை வருடம்! வைத்தியரின் துண்டில்லாமல் அன்டிபயோடிக் விற்கக்கூடாது என்பது சட்டம். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை பிரதான வீதியில் நடந்துபோய்க் கேட்டுப்பாருங்கள், எத்தனை கடையில் இல்லை என்று சொல்கிறார்கள் என்று.

ஊசியைப் பற்றி இப்போது இன்னொரு பயமும் சனங்களிடம் இருக்கிறது. 2022 நெருக்கடியில் மருந்து இல்லாமல் அறுவைகள் தள்ளிப்போனதைப் பார்த்தோம். 2023இல் தரமில்லாத இம்யூனோகுளோபியூலின் விவகாரம் வெடித்து, சுகாதார அமைச்சராக இருந்தவரே 2024 பெப்ரவரியில் கைதானார். அதே 2023இல் அன்டிபயோடிக் ஊசி போட்டபின் ஓர் இளம் பெண் இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. 'எனக்கு ஊசி வேண்டாம் டொக்டர்' என்று சொல்லும் பெண்கள் இப்போது இருக்கிறார்கள். அவர்களைப் படிப்பில்லாதவர்கள் என்று தள்ளிவிட முடியாது. கடும் ஒவ்வாமை அபூர்வமானது, ஆனால் உண்மையானது. முன்பு எந்த மருந்துக்கு உடம்பில் தடித்தது, மூச்சு முட்டியது என்று நோயாளர் மறக்காமல் சொல்லவேண்டும். கேட்கவேண்டியவர்கள் அவசரமில்லாமல் கேட்கவேண்டும். அந்த ஊசியை வோட்டில் விட்டுத் தியேட்டரில் மயக்கமருந்து வைத்தியர் முன்னிலையில் போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நேரமும் சரியாக அமையும். ஏதும் நடந்தால் கையாள மூச்சுக்குழாயும் மருந்தும் ஆளும் பக்கத்திலேயே இருக்கும்.

இனி வீட்டில் நடப்பவற்றுக்கு வருகிறேன். நம் பெண்களுக்குக் கமுக்கட்டு முடியை அகற்றுவது மார்க்கச் சுத்தத்தோடு சேர்ந்தது. ஒபரேசனுக்குப் போகுமுன், முதல்நாள் இரவு, புது பிளேட் ஒன்றை எடுத்து மழித்துச் சுத்தமாகப் போவதை நல்ல பெண்ணுக்கு அழகாக நினைப்பார்கள். சுத்தம் நல்லது, பிளேட்தான் ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும், இரவோடு இரவாகக் கிருமி அதில் குடியேறும், மறுநாள் கத்தி அதே இடத்துக்குப் பக்கத்தில் வரும். மழிக்கவே வேண்டாம், தேவையென்றால் கிளிப்பரால் கத்தரித்தால் போதும் என்பது வழிகாட்டி. நாற்பது நாளுக்குள் என்று மார்க்கம் அவகாசம் தந்திருக்கிறது. ஒரு கிழமை முந்திச் செய்துகொண்டால் இரண்டும் நிறைவேறும். இதை ஆண் வைத்தியர் வாயைத் திறந்து சொல்லமாட்டார். பெண் கேட்கவும் மாட்டார். யாராவது பத்திரிகையில் எழுதத்தான் வேண்டும். அதேபோல் முதல்நாளோ அன்று காலையோ சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டுப் போவது, சீனியைக் கட்டுக்குள் வைத்திருப்பது இரண்டும் முக்கியம். வுழூச் செய்யும்போது கட்டு நனைந்துவிடுமோ என்று பயந்து தொழுகையை விட்டவர்களும் இருக்கிறார்கள், தொழுகைக்காகக் கட்டை நனைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். கட்டின் மேல் ஈரக்கையால் தடவினால் போதும் என்ற சலுகை நம் சட்டநூல்களிலேயே இருக்கிறது. ஒரு ஜும்ஆப் பிரசங்கத்தில் இரண்டு நிமிடம் இதற்கு ஒதுக்கினால் நன்மை.

புண் பழுப்பது பெரும்பாலும் வைத்தியசாலையில் நடப்பதில்லை. அறுவைக்குப் பின்னரான முப்பது நாளுக்குள் வரும் தொற்றை அறுவைத் தொற்றாகக் கணக்கெடுக்கிறார்கள். செயற்கைப் பொருள் பதித்திருந்தால் தொண்ணூறு நாள். நம் பெண்கள் நாலாம் ஐந்தாம் நாளே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். மிச்ச இருபத்தைந்து நாளும் புண்ணுக்குக் காவல் யார்? கிழக்கிலே நமக்கு ஒரு கொடுப்பினை: பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கும் வழக்கம். உம்மாவின் வளவில் ராத்தாவும் தங்கச்சியும் பக்கத்துப் பக்கத்து வீடு. காட்ட வெட்கப்படும் இடத்தைக் கூடத் தங்கச்சிக்குக் காட்டலாம். ஆனால் எது ஆபத்தான சிவப்பு, எது ஆறும் சிவப்பு, எந்தச் சூட்டுக்கு ஓடவேண்டும் என்று அந்தத் தங்கச்சிக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. கையில் தரும் டயக்னோசிஸ் கார்ட் இங்கிலீசில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிஷனரி வைத்தியர், மேனாட்டு மருத்துவத்தையும் சத்திரசிகிச்சையையும் தமிழில் படிப்பித்து, தமிழில் நூல்களும் ஆக்கினார். நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகு, 'புண் சிவந்தால் உடனே வா' என்ற நாலு சொல்லைத் தமிழில் அச்சடித்துக் கொடுக்க நமக்குக் கை வரவில்லை.

பிள்ளை பெற்ற தாயைத் தேடி மிட்வைஃப் முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவை வீட்டுக்கு வருகிறார். இலங்கையின் தாய் மரணத்தைக் குறைத்ததில் அந்த சைக்கிளுக்கும் ஸ்கூட்டிக்கும் பெரிய பங்கு உண்டு. அதே குடும்ப நல உத்தியோகத்தர் வெல் வுமன் கிளினிக்கில் மார்பைத் தடவிப்பார்த்து, கட்டி இருந்தால் அனுப்பிவைக்கிறார். அனுப்பியவரிடம் அந்தப் பெண் திரும்பி வருகிறாரா? மார்பு அறுத்துவந்த பெண்ணை ஒன்பதாம் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் போய்ப் பார்க்க அவரிடமோ பொதுச் சுகாதாரத் தாதியிடமோ சொல்லிவைத்தால், ராத்தா இரண்டு நாள் மறைத்த சிவப்பு அன்றே தெரிந்திருக்கும். இலங்கையில் வருடத்துக்கு நாலாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. பெண்களைப் பிடிக்கும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். ஒரு பிரதேசத்துக்கு மாதத்தில் விழுவது சிலர்தான். மிட்வைஃபின் கொப்பியில் அதற்கு இடம் காணும்.

சத்திரசிகிச்சையின் சரித்திரத்தில் ஒரு வேடிக்கை. மார்பகத்தை நெஞ்சுச் சதையோடு அகற்றும் பெரிய அறுவையைப் பிரபலமாக்கியவர் வில்லியம் ஹால்ஸ்டெட். அறுவைக்கூடத்துக்கு ரப்பர் கையுறையைக் கொண்டுவந்தவரும் அவரே. 1889 அளவில், கைகழுவும் இரசாயனத்தால் தன் தாதி கரோலின் ஹாம்ப்டனின் கை வெந்துபோவதைப் பார்க்கச் சகிக்காமல், குட்இயர் ரப்பர் கொம்பனிக்குச் சொல்லிக் கையுறை செய்வித்தார். அடுத்த வருடம் அவரையே மணந்தார். கையுறை பாதுகாத்தது தாதியின் கையை. நோயாளரின் புண்ணும் குறைவாகப் பழுக்கிறது என்பது பிறகுதான் தெரியவந்தது. தெரியவந்தது எப்படி? யாரோ எண்ணிப்பார்த்ததால்.

கல்முனையில் ஒரே வீதியில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு வைத்தியசாலையும். வடக்கா தெற்கா, பிரதேச செயலகம் ஒன்றா இரண்டா என்று முப்பது வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் இழுபறி. ஸ்டெஃபிலோகொக்கஸ் அந்த எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. இரண்டிலும் தொற்றுக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பான தாதியர் இருக்கிறார்கள். இலங்கை நுண்ணுயிரியல் நிபுணர்கள் கல்லூரி 2016இல் வெளியிட்ட தேசிய அன்டிபயோடிக் வழிகாட்டியும் இருக்கிறது. எந்த மருந்து, எவ்வளவு என்பதை அதில் பார்க்கலாம். வைத்தியசாலையிடம் சனங்கள் கேட்கவேண்டியவை இரண்டே இரண்டு எண்கள். ஊசி போட்ட நேரத்துக்கும் கத்தி வைத்த நேரத்துக்கும் இடையில் எத்தனை நிமிடம்? முப்பதாம் நாள் தொலைபேசியில் கேட்டபோது எத்தனை பேரின் புண் பழுத்திருந்தது? முதலாவது மயக்கமருந்துத் தாளில் பேனையால் எழுதும் இரண்டு நேரம். இரண்டாவது ஒரு போன் கோல். இதற்கு வெளிநாட்டு உதவி வேண்டாம், புதுக் கட்டடம் வேண்டாம், அடிக்கல் நாட்ட அமைச்சரும் வேண்டாம்.

ராத்தாவுக்குக் கீமோ முடிந்து முடி முளைக்கத் தொடங்கிவிட்டது. சாரத்துண்டுப் பை இப்போது மாத்திரைகளுக்கு. அவரது டயக்னோசிஸ் கார்டை எடுத்து வரி வரியாகப் படித்தேன். மருந்தின் பெயர் இருந்தது, அளவு இருந்தது. நேரம் எழுதப்படவில்லை.

ஒவ்வொரு ஒக்டோபரிலும் இளஞ்சிவப்பு ரிப்பன் குத்தி, பாடசாலைப் பிள்ளைகளை வரிசையாக விட்டு, கட்டியைத் தேடிப்பாருங்கள் என்று ஊர்வலம் போகிறோம். நல்ல வேலை. கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த ஒக்டோபரில் அந்த ஊர்வலத்தின் ஒரு பதாகையில், இந்த வருடம் இந்தப் பிராந்தியத்தில் மார்பகம் அறுத்த பெண்கள் இத்தனை பேர், அவர்களில் புண் பழுத்தவர்கள் இத்தனை பேர் என்று எழுதிப் பிடியுங்கள்.